ஏரியோர வீட்டுத் தோட்டத் தொழிலாளர்களின் மழைக்காலக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
புதுச்சேரி, உழவர்கரை நகராட்சிப் பகுதிகளிலும் வில்லியனூர் கொம்யூனிலும் வீட்டுத் தோட்டப் பராமரிப்பு வேலை செய்யும் தொழிலாளர்கள், மேஸ்திரிகள் சங்கத்தினர்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள், புதுச்சேரி.

நகல்:
தொழிலாளர் ஆணையர், வேளாண் துறை இயக்குநர், வனத்துறை, மின்துறை, புதுச்சேரி, உழவர்கரை நகராட்சி ஆணையர்கள்.

நாள்: செப்டம்பர் 2025

பொருள்: வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வீட்டுத் தோட்டத் தொழிலாளர்களுக்கு வேலைப் பதிவு, கழிவு கொட்டும் இடம், பாதுகாப்பு ஆகியவற்றை உறுதிசெய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

ஊசுட்டேரிக் கரையோரம், வேல்ராம்பட்டு ஏரியைச் சுற்றி, கனகன் ஏரிப் பக்கம் என்று கடந்த பல ஆண்டுகளில் எழும்பியிருக்கும் வீடுகளிலும் விடுதிகளிலும் புல் போடுவது, செடி வைப்பது, மரம் கழிப்பது, பாதைக்குக் கல் பதிப்பது எல்லாம் எங்கள் உறுப்பினர்கள் கைவேலை. ஒரு மேஸ்திரி, அவரோடு நான்கைந்து பேர், அவர்களில் இரண்டு பேராவது பெண்கள், தவணை முடியாத ஒரு குட்டியானை வண்டி, ஒரு பிரஷ்கட்டர், கத்தரி, கடப்பாறை, மண்வெட்டி. ஒரு குழு என்பது இவ்வளவுதான். வேலைக்கு ஒப்பந்தம் கிடையாது, ரசீது கிடையாது. வீட்டுக்காரர் போனில் சொன்னால் போவோம், வேண்டாம் என்றால் நின்றுகொள்வோம்.

புதுச்சேரியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 130 செ.மீ. மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது. எங்கள் பிழைப்பும் அந்த மூன்று மாதங்களில்தான் தலைகீழாகிறது. புரட்டாசியில் எல்லா வீட்டுக்காரர்களும் ஒரே வாரத்தில் மரம் கழிக்கக் கூப்பிடுகிறார்கள். ஐப்பசியில் அடைமழை பிடித்ததும், "மழையே தண்ணி ஊத்துது, உங்களுக்கு என்ன வேலை?" என்று நிறுத்திவிடுகிறார்கள். மழையில்தான் புல் இரட்டிப்பாக வளர்கிறது என்பது உண்மை. ஆனால் ஈரத் தரையில் இறங்கி வெட்டினால் கால் பதிந்து தரை பள்ளமாகும், கொரியன் புல்லில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகி மஞ்சள் திட்டு விழும். ஆகவே வேலை இருந்தும் செய்ய முடியாத நிலை. பிறகு கிறிஸ்துமஸ், புத்தாண்டுக்கு விருந்தினர் வருவதற்குப் பத்து நாள் இருக்கும்போது தோட்டம் பச்சைப்பசேலென்று ஆக வேண்டும் என்று மறுபடியும் அழைப்பு. நடுவில் போன கூலியைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

புயல் வந்தால் மட்டும் நிலைமை வேறு. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்தபோது சாய்ந்த மரங்களை நகரம் மறந்திருக்காது. 2020 நவம்பரில் நிவர் வந்தது. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகில் கரையைக் கடந்தது, 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கு மேல் மழை பதிவானது. மூன்று முறையும் விடிவதற்குள் அரிவாளும் ரம்பமுமாகத் தெருவில் இறங்கியவர்களில் எங்கள் ஆட்களும் உண்டு. கேட்டை மறித்து விழுந்த கிளை, கார்மேல் சாய்ந்த மரம் என்று அக்கம்பக்கத்தார் கையைப் பிடித்து இழுத்தபோது கூலி பேசிக்கொண்டு நிற்கவில்லை. ஃபெஞ்சலுக்குப் பிறகு குடும்ப அட்டைக்கு 5,000 ரூபாய் என அரசு அறிவித்த நிவாரணம் எங்கள் உறுப்பினர்களுக்கும் பயன்பட்டது, அதற்கு நன்றி. பயிர் இழந்த விவசாயிக்கும் படகு சேதமான மீனவருக்கும் தனி உதவி அறிவிக்கப்பட்டது, அதுவும் சரியே. ஆனால் தண்ணீரில் மூழ்கி அழுகிய நாற்றுப் பைகளையும் கெட்டுப்போன பிரஷ்கட்டரையும் எந்தப் படிவத்தில் எழுதுவது? தோட்டத் தொழிலாளி என்று ஒரு தொழில் அரசின் ஏட்டில் இருந்தால்தானே அதற்கு ஒரு கட்டம் இருக்கும். எங்கள் கோரிக்கைகளெல்லாம் ஏட்டில் இடமில்லாத இந்த நிலையிலிருந்து கிளைப்பவையே.

முதல் கோரிக்கை, பதிவு. கட்டடம் மற்றும் இதர கட்டுமானத் தொழிலாளர்களுக்கான சட்டப்படி, முந்தைய 12 மாதங்களில் 90 நாட்கள் கட்டுமான வேலை செய்தவர் நல வாரியத்தில் சேரலாம். புது வீடு கட்டும்போது உரிமையாளர் செலுத்தும் 1 சதவீத நல வரி, தோட்டச் சுவர், வடிகால், நடைபாதை உள்பட அந்த மொத்தக் கட்டுமானத்துக்கும்தான். அதே மனையில் அந்த வடிகாலை வெட்டி, அந்தக் கல்லைப் பதித்தவர் எங்கள் ஆள் என்றால், "நீ தோட்டக்காரன், கட்டுமானத் தொழிலாளி இல்லை" என்று ஒதுக்கப்படுகிறார். சட்டம் வடிகாலையும் கரையையும் கட்டுமானத்தில் சேர்த்தே சொல்கிறது. எனவே நிலம் சமன்செய்தல், வடிகால் அமைத்தல், கல் பதித்தல் ஆகியவற்றில் ஈடுபடும் தோட்டத் தொழிலாளரைக் கட்டுமானத் தொழிலாளராகப் பதியலாம் என்று தொழிலாளர் துறை எழுத்துப்பூர்வமாகத் தெளிவுபடுத்த வேண்டும். செடி, புல் பராமரிப்பு மட்டும் செய்வோருக்கு அமைப்புசாராத் தொழிலாளர் நலத் திட்டங்களில் தனி வகை வேண்டும். இ-ஷ்ரம் அட்டை பலரிடம் இருக்கிறது. அதை வைத்து மழைக்காலத்தில் ஒரு கிலோ அரிசிகூட வாங்கியதில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மீனவர்களுக்குத் தடைக்காலத்திலும் மழைக்காலத்திலும் நிவாரணம் தரும் மரபு இந்த ஊரில் ஏற்கெனவே இருக்கிறது. பதிவு பெற்ற தோட்டத் தொழிலாளருக்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களுக்கு அதே அடிப்படையில் உதவித்தொகை வழங்க வேண்டும். கூலியில் ஆணுக்கு ஒரு கணக்கு, பெண்ணுக்கு ஒரு கணக்கு என்பது சட்டத்துக்குப் புறம்பானது. எங்கள் மேஸ்திரிகள் சிலரும் இதில் குற்றவாளிகளே. குறைந்தபட்சக் கூலியைத் தெளிவாக அறிவித்துவிட்டால் அவர்களும் வழிக்கு வருவார்கள்.

இரண்டாவது, புயலுக்கு முன்பே மரம் கழிக்கும் வேலை. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும், ஏனென்றால் ஆண்டுதோறும் மக்கள் பணமும் மரமும் இங்கேதான் வீணாகின்றன. மயில்கொன்றை, பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி ஆகியவை நிழலுக்காக வைக்கப்பட்டவை. கட்டை மென்மையானது, மழைக்காலத்தில் தழை கனத்துக் காற்றை வாங்கும். ஏரிக்கரை மண் ஊறிப்போயிருக்கும் நேரத்தில் அவை வேரோடு சாய்கின்றன. செய்ய வேண்டியது உச்சியை மொட்டையடிப்பது அன்று. உள்கிளைகளைக் களைந்து காற்றுக்கு வழிவிட வேண்டும். பெரிய கிளையை அறுக்கும்போது முதலில் அடிப்பக்கம் ஒரு வெட்டுப் போட்டுவிட்டு, அதற்குச் சற்றுத் தள்ளி மேலிருந்து அறுக்க வேண்டும். பாரம் போன பிறகு மிச்சக் கட்டையைக் கிளை புறப்படும் வீக்கத்துக்கு வெளியே சுத்தமாக எடுக்க வேண்டும். நேராக மேலிருந்து அறுத்தால் கிளை தன் பாரத்தில் முறிந்து தாய்மரத்துப் பட்டையை ஒரு முழம் உரித்துக்கொண்டு வரும், அந்தக் காயத்தில் தண்ணீர் இறங்கி இரண்டு மூன்று ஆண்டுகளில் நடுமரம் பொந்தாகும். தானேயில் சாய்ந்தவற்றில் அப்படிப் பொந்தானவற்றை எங்கள் மூத்தவர்கள் கண்ணால் பார்த்தார்கள். அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்ட் பூசி மூடும் பழக்கமும் இதற்குச் சளைத்ததல்ல. ஆகவே சாலையோர, பூங்கா, ஏரிக்கரை மரங்களைக் கழிக்கும் வேலையை ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களிலேயே முடிக்கவும், அதற்கு எங்கள் குழுக்களைப் பயிற்சியும் அடையாள அட்டையும் தந்து பட்டியலிட்டு, நாள் கூலி நிர்ணயித்து அமர்த்தவும் இரு நகராட்சிகளையும் கேட்டுக்கொள்கிறோம். புயலுக்குப் பிந்தைய அகற்றும் வேலைக்கும் இதே பட்டியல், இதே கூலி. ஒப்பந்ததாரருக்குப் பணம் போய் எங்களுக்குப் பிரியாணிப் பொட்டலம் வரும் ஏற்பாடு இனி வேண்டாம்.

மூன்றாவது, கழித்த தழையைக் கொண்டுபோய் எங்கே போடுவது? திடக்கழிவு மேலாண்மை விதிகள் தோட்டக் கழிவை வீட்டுக்காரர் தன் இடத்திலேயே தனியாகச் சேர்த்து, உள்ளாட்சி சொல்லும் வழியில் அகற்ற வேண்டும் என்கின்றன. எரிக்கவும் கூடாது. நடப்பது என்ன? வீட்டுக்காரர், "வெட்டினவன்தானே எடுத்துட்டுப் போகணும்" என்கிறார். குப்பை வண்டி கிளைகளை ஏற்பதில்லை. கடைசியில் அந்தப் பாரம் காலி மனையிலோ வாய்க்கால் ஓரத்திலோ ஏரிக்கரையிலோ கொட்டப்படுகிறது, பிடிபட்டால் அபராதம் குட்டியானை ஓட்டுநர் தலையில். பெரிய வாய்க்காலிலும் உப்பாறு வாய்க்காலிலும் மழைநாளில் அடைத்துக்கொள்ளும் குப்பையில் எங்கள் தழையும் இருக்கிறது. மறுக்கவில்லை. வழி எளிது. ஒவ்வொரு நகராட்சியிலும் வில்லியனூர் கொம்யூனிலும் தோட்டக் கழிவுக்கென ஓர் இடம், அங்கே ஒரு தழை அரைக்கும் இயந்திரம், செப்டம்பர் முதல் ஜனவரி வரை காலை முதல் மாலை வரை திறந்திருக்க வேண்டும். வண்டிக்கு இவ்வளவு என்று நியாயமான கட்டணம் வாங்கட்டும், அதை வீட்டுக்காரர் பில்லில் சேர்த்துக்கொள்வோம். மக்கிய எருவை எங்களுக்கே விற்றால் நாங்கள் வெளியூரிலிருந்து எரு ஏற்றிவர வேண்டியதில்லை.

நான்காவது, களைக்கொல்லி மருந்து. ஊசுட்டேரி சுமார் 800 ஹெக்டேர், புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் பொதுவானது. புதுச்சேரி அரசு 2008இல் தன் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. சங்கராபரணித் தண்ணீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக ஏரிக்கு வரும் மழை மாதங்களில்தான் வலசைப் பறவைகளும் வருகின்றன, இதே மாதங்களில்தான் வீட்டுப் புல்தரைகளில் களை மண்டுகிறது. கிளைபோசேட் களைக்கொல்லியைப் பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர் தவிர வேறு யாரும் தெளிக்கக் கூடாது என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் உத்தரவிட்டது. ஆனாலும் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு, "சாயங்காலத்துக்குள்ள அடிச்சிடு" என்று எங்களிடம் நீட்டும் வீடுகள் இருக்கின்றன. பழைய பெயிண்ட் வாளியில் வெறுங்கையால் கலக்கி, வாஷர் தேய்ந்து முதுகில் ஒழுகும் ஸ்பிரேயரைத் தூக்கிக்கொண்டு அடிக்கிறார் எங்கள் ஆள். அடுத்த மழையில் அது ஏரிக்குப் போகிறது. மழைக்கு முன்தினம் வீசும் யூரியாவும் அப்படித்தான்.

எனவே ஏரிகளுக்கு வடியும் மனைகளில் அக்டோபர் முதல் மார்ச் வரை களைக்கொல்லியும் யூரியாவும் பயன்படுத்தத் தடைவிதித்து, அந்தத் தடை வீட்டுக்காரரையும் விடுதி உரிமையாளரையும் கட்டுப்படுத்தும்படி ஆணையிட வேண்டும். தெளிக்க மறுத்த தொழிலாளியை வேலையைவிட்டு நிறுத்தினால் புகார் செய்ய ஒரு தொலைபேசி எண் வேண்டும். கையால் களையெடுத்தால் எங்கள் பெண்களுக்கு வேலைநாள் கூடும். இதில் எங்கள் சுயநலமும் இருக்கிறது, அதை மறைக்கவில்லை.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக. மழையில் வளைக்குள் தண்ணீர் நிரம்பும்போது பாம்புகள் மேட்டுக்கு ஏறி, அடுக்கிய தொட்டிகளுக்கு அடியிலும் வெட்டிக் குவித்த புல்லிலும் பதுங்குகின்றன. பாம்புக்கடியை அறிவிக்க வேண்டிய நோயாக்கும்படி மத்திய சுகாதார அமைச்சகம் 2024 நவம்பரில் மாநிலங்களையும் யூனியன் பிரதேசங்களையும் கேட்டுக்கொண்டது. ஏரிகளுக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் விஷமுறிவு மருந்து இரவிலும் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். ஏரியின் மறுகரையிலிருந்து, வானூர்ப் பக்கத்திலிருந்து வந்து வேலை செய்பவர்களும் எங்கள் குழுக்களில் உண்டு; பாம்பு ரேஷன் அட்டையைப் பார்த்துக் கடிப்பதில்லை, சிகிச்சையிலும் அந்த வேறுபாடு கூடாது. மின்கம்பி உரசும் மரங்களைக் கழிக்கும்போது, குறித்த நேரத்துக்கு மின்சாரத்தை நிறுத்தித் தர மின்துறையில் எளிய நடைமுறை வேண்டும். நீர் தேங்கிய தோட்டங்களில் இறங்குவோருக்கு முழங்கால் பூட்ஸும் கையுறையும் நல வாரியம் வழங்கலாம். எலிக்காய்ச்சலுக்கு அதுவே பாதித் தடுப்பு.

பயிற்சிக்குப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. குருமாம்பேட்டில் பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. 1826இல் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்த தாவரவியல் பூங்கா இருக்கிறது. வேலை குறைந்த நவம்பரில் அங்கே மரம் கழித்தல், வடிகால், மருந்தில்லாப் பராமரிப்பு ஆகியவற்றில் சான்றிதழ் வகுப்பு நடத்தி, வந்த நாட்களுக்கு உதவித்தொகையும் கொடுத்தால் மழைக்காலம் வீணாகாது. அதே பூங்காவில் ஆண்டுதோறும் நடக்கும் மலர், காய், கனிக் கண்காட்சியில் தோட்டங்களுக்குப் பரிசு தரும்போது, அந்தத் தோட்டத்தைப் பராமரித்தவர் பெயரையும் சேர்த்து வாசித்தால் அரசுக்கு ஒரு காசு செலவில்லை.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்குகிறது. அதற்கு முன்பாகத் தங்கள் தலைமையில் மேற்கண்ட துறை அதிகாரிகளையும் எங்கள் சங்கப் பிரதிநிதிகளையும் அழைத்து ஒரு கூட்டம் நடத்த வேண்டும். இந்த ஆண்டு எல்லாவற்றையும் முடிக்க முடியாது என்றாலும், தழை கொட்ட ஓர் இடமும் விஷமுறிவு மருந்தும் மழைக்கு முன்பே கிடைக்கச் செய்ய வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர் மற்றும் சங்க உறுப்பினர்கள்,
புதுச்சேரி.