பழைய காருக்குக் கெட்டி எண்ணெய்தான் வேண்டுமா?

உங்கள் வீட்டில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய மைவியோ சாகாவோ இருக்கிறதா? இருந்தால் இந்த அறிவுரையை ஒரு முறையாவது கேட்டிருப்பீர்கள்: “மைலேஜ் ரெண்டு லட்சம் தாண்டிருச்சுல்ல, இனிமே கெட்டி எண்ணெயா ஊத்துங்க.” பட்டறையில் சொல்வார்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரும் சொல்வார். அப்பாவும் அடுத்த முறை 20டபிள்யூ-50 என்று அச்சிட்ட நான்கு லிட்டர் போத்தலைக் கையில் எடுப்பார். அறிவுரை முழுப் பொய் அல்ல. ஆனால் இஞ்ஜினைப் பாராமல் மீட்டரை மட்டும் பார்த்துச் சொல்லப்படுவது அது. நாடி பிடிக்காமல், வயதை மட்டும் கேட்டு மருந்து கொடுக்கும் வைத்தியருக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை என்பேன்.

முதலில் போத்தலில் உள்ள எண்களைப் பார்ப்போம். 40, 50 என்பவற்றை வெப்பநிலை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. 1911-ஆம் ஆண்டில் தொடங்கிவைத்த தரவரிசையின் எண்கள் அவை. ஒரு திரவம் ஓடுவதற்குக் காட்டும் எதிர்ப்பைப் பாகுத்தன்மை என்கிறோம். தேனுக்கு அது அதிகம், தண்ணீருக்குக் குறைவு. அறை வெப்பநிலையில் தண்ணீரின் பாகுத்தன்மை ஏறக்குறைய 1 சென்டிஸ்டோக். எண்ணெயை 100 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கி அளக்கும்போது 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை இருந்தால் அது 30. அதற்கு மேல் 16.3 வரை 40. அதையும் தாண்டி 21.9 வரை 50.

எண்களுக்கு இடையே நிற்கும் ‘டபிள்யூ’ குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. 10டபிள்யூ எண்ணெயைப் பூஜ்யத்துக்குக் கீழே 25 பாகையில் வைத்துச் சோதிக்கிறார்கள். 5டபிள்யூ எண்ணெயை 30 பாகையில். கோலாலம்பூரில் விடியற்காலையில்கூட 23, 24 பாகை இருக்கும். கேமரன் மலையில் குளிர்ந்தாலும் 15 பாகைக்கு அருகில்தான். ஆகவே 5-ஆ 10-ஆ என்று நாம் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நமக்கு முக்கியமானது இரண்டாவது எண்.

இப்போது இஞ்ஜினுக்குள் போவோம். பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. அந்த இடைவெளியில் எண்ணெய் ஒரு படலமாக நிற்கிறது. தண்டு சுழலும் வேகத்தில் எண்ணெய் அடியில் இழுக்கப்பட்டு, தண்டையே தூக்கிப் பிடிக்கிறது. உலோகமும் உலோகமும் தொடுவதில்லை. எண்ணெய் மிகவும் நீர்த்திருந்தால் படலம் கிழியும். மிகவும் கெட்டியாக இருந்தால் காலையில் சாவியைத் திருப்பியதும் மேலே உள்ள பாகங்களுக்குப் போய்ச் சேரத் தாமதமாகும். அதைத் தள்ளித் தள்ளியே இஞ்ஜின் சக்தியை வீணாக்கும். பெட்ரோல் செலவு கூடும்.

பல ஆண்டுகள் ஓடிய இஞ்ஜினில் இந்த இடைவெளிகள் தேய்ந்து அகன்றிருக்கலாம். அகன்ற வழியில் எண்ணெய் எளிதாகக் கசிவதால் அழுத்தம் குறையும். கெட்டி எண்ணெய் கசிவைச் சற்றுத் தடுத்து, அழுத்தத்தை ஓரளவு மீட்டுத் தரும். பட்டறைக்காரர் சொல்வதில் உள்ள உண்மை இதுதான். இடைவெளி அகன்றிருக்கிறதா என்பதை யார் பார்த்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

மீட்டர் அதைச் சொல்லாது. இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய இரண்டு கார்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஈப்போவுக்கும் தலைநகருக்கும் நெடுஞ்சாலையில் சீராக ஓடியது. மற்றொன்று பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டுச் சந்தைக்குப் போய்த் திரும்பும் கார். ஒவ்வொரு ஓட்டமும் மூன்று நான்கு கிலோமீட்டர். இரண்டாவது காரின் இஞ்ஜின் முழுதாகச் சூடேறும் முன்பே அணைக்கப்படுகிறது. பெட்ரோல் எரிவதால் உண்டாகும் நீராவியும், எரியாமல் இறங்கும் பெட்ரோலும் ஆவியாகிப் போகாமல் எண்ணெயிலேயே தங்குகின்றன. நாளடைவில் அமிலமும் கசடும் சேரும். முதல் கார் இன்னும் நல்ல உடல்நிலையில் இருக்கலாம். அதற்குப் போய்க் கெட்டி எண்ணெய் ஊற்றுவது தண்டச் செலவு. இரண்டாவது காருக்கு எண்ணெயின் தடிமனைவிட அடிக்கடி மாற்றுவதே உதவும்.

ஆகவே அளந்து பாருங்கள். பள்ளி அறிவியல் கூடத்தில் ஊகிக்காமல் அளக்கத்தானே கற்றுத் தருகிறார்கள்? இதற்குக் கருவி வாங்க வேண்டியதில்லை. காரிலேயே இருக்கிறது. காலையில் இஞ்ஜினை முடுக்கும் முன், சமமான தரையில் கார் நிற்கும்போது, அப்பாவிடம் சொல்லிவிட்டு முன் மூடியைத் திறங்கள். எண்ணெய் அளவுக்குச்சியை இழுத்து, துணியால் துடைத்து, மீண்டும் முழுதாகச் செருகி எடுங்கள். நுனியில் இரண்டு குறிகள் இருக்கும். எண்ணெய் எங்கே நிற்கிறது என்று தேதியோடும் மீட்டர் எண்ணோடும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வாரம் ஒரு முறை போதும். பல கார்களில் இரண்டு குறிகளுக்கும் நடுவே உள்ள அளவு ஏறத்தாழ ஒரு லிட்டர்.

இரண்டு மூன்று மாதத்தில் உங்கள் நோட்டு பேசத் தொடங்கும். அளவு ஏறக்குறைய அப்படியே நின்றால், மீட்டர் எதைக் காட்டினாலும் கையேட்டில் உள்ள தரத்தையே தொடருங்கள். மெதுவாக இறங்கினால், ஒரு படி கெட்டியான எண்ணெயை முயன்று பார்க்கலாம். பழைய கையேடுகள் பலவற்றில் வெளி வெப்பநிலைக்கு ஏற்ப இரண்டு மூன்று தரங்களை அனுமதிக்கும் அட்டவணையே இருக்கும். 30-இலிருந்து 40-க்குப் போவது வேறு, நேராக 50-க்குத் தாவுவது வேறு. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வரை குறைந்தாலும் பரவாயில்லை என்று சில தயாரிப்பாளர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது ரொம்பத் தாராளமாகப் படுகிறது. அவ்வளவு குறைந்தால் எண்ணெயை மாற்றிப் பயனில்லை, இஞ்ஜினைத்தான் பார்க்க வேண்டும்.

எண்ணெய் எங்கே போகிறது என்பதற்கும் துப்பு உண்டு. இரவு முழுவதும் நின்ற காரை முடுக்கியதும் ஒரு கொத்து நீலப்புகை வந்து மறைந்தால், வால்வுகளைச் சுற்றியுள்ள ரப்பர் சீல்கள் இறுகிப்போயிருக்கலாம். மேட்டில் அழுத்தி ஏற்றும்போது நீலப்புகை தொடர்ந்தால், பிஸ்டன் வளையங்களைச் சந்தேகிக்க வேண்டும். புகையே இல்லாமல் கார் நின்ற இடத்தில் கறை தெரிந்தால் அது வெறும் கசிவு. எரியும் எண்ணெயிலுள்ள பாஸ்பரஸ், புகைக்குழாயில் நச்சுவாயுவைக் குறைக்கும் வினையூக்கி மாற்றியையும் மெல்லக் கெடுக்கும் என்பதால் நீலப்புகையை அலட்சியம் செய்யக்கூடாது.

‘அதிக மைலேஜ் காருக்கு’ என்று எழுதிய எண்ணெய் உண்மையா வியாபாரமா? இரண்டும்தான். 2000-ஆம் ஆண்டில் வால்வோலின் நிறுவனம் தொடங்கிவைத்த வகை இது. இறுகிய ரப்பரைச் சற்று உப்பச் செய்து இளக்கும் பொருள்களை இதில் சேர்க்கிறார்கள். சீல் கசிவுள்ள காருக்கு இது பயன் தரக்கூடும். தேய்ந்துபோன உலோகத்தை எந்த எண்ணெயும் வளர்த்துத் தராது. கசிவே இல்லாத காருக்கு இதற்காகக் கூடுதல் வெள்ளி கொடுப்பானேன்?

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 10டபிள்யூ-40 போன்ற எண்ணெய்களில் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் கலந்திருக்கும். குளிரில் சுருண்டு கிடக்கும் இவை சூட்டில் விரிந்து, எண்ணெய் நீர்த்துப்போகாமல் காக்கும். ஓட ஓட இந்தச் சங்கிலிகள் அறுபடுகின்றன. 40 ஆக இருந்தது மெல்ல 30-ஐ நெருங்கும். அதனால் விலை உயர்ந்த முழுச் செயற்கை எண்ணெயை ஊற்றிவிட்டுத் தவணை கடந்தும் ஓட்டுவதைவிட, சாதாரண எண்ணெயைத் தவறாமல் காலத்தில் மாற்றுவதே மேல் என்பது என் கட்சி. போத்தலின் பின்புறம் ஏ.பி.ஐ. என்ற எழுத்துகளுக்கு அருகே எஸ்.எல்., எஸ்.என்., எஸ்.பி. என்று ஏதாவது இருக்கும். இரண்டாவது எழுத்து அகரவரிசையில் எவ்வளவு பின்னால் வருகிறதோ அவ்வளவு புதிய தரம். 2020-இல் வந்தது எஸ்.பி. அந்த எழுத்துகளே இல்லாத மலிவுப் போத்தலைத் தொடாதீர்கள். போலி எண்ணெய் அடைத்து விற்றவர்கள் பிடிபட்ட செய்திகள் நம் நாட்டில் புதிதல்ல.

நிறத்தை வைத்து முடிவு செய்வதும் தவறு. நாம் ‘மின்யாக் ஹித்தாம்’ என்று சொன்னாலும் புதிய எண்ணெய் தேன் நிறத்தில்தான் இருக்கும். அது கருப்பது பெரும்பாலும் கரித்துகளைத் தன்னுள் மிதக்கவைத்துச் சுமப்பதால். அதுவும் அதன் வேலைதான்.

வீட்டில் எல்லாரிடமும் நீங்கள் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. முன்பலகையில் எண்ணெய்க் குடம்போலத் தெரியும் சிவப்பு விளக்கை ‘சர்வீஸுக்கு விட நேரமாச்சு’ என்ற நினைவூட்டல் என்றே பலர் எண்ணுகிறார்கள். அது எண்ணெய் அழுத்தம் விழுந்துவிட்டது என்ற எச்சரிக்கை. அந்த நேரத்தில் பேரிங்குகளில் படலமே இல்லாமல் இருக்கலாம். பாதுகாப்பாக ஓரம் கட்டி உடனே இஞ்ஜினை அணைக்க வேண்டும். ‘இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே’ என்று ஓட்டினால், ஒரு போத்தல் எண்ணெயோடு முடிய வேண்டியது பல ஆயிரம் வெள்ளிச் செலவாகிவிடும். நம் நாட்டில் தனியார் கார்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயச் சோதனை இல்லை. அந்தப் பழைய காரில்தான் தாத்தா மருத்துவமனைக்குப் போகிறார், அம்மா வேலைக்குப் போகிறார். அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க அந்தக் குச்சியைவிட்டால் வேறு ஆள் இல்லை.

அடுத்த முறை அப்பாவோடு பட்டறைக்குப் போனால் நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். பழைய எண்ணெயை வடிக்கும் முன் அளவுக்குச்சியை எடுத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். வடித்துவிட்டால் அந்தக் கடைசி அளவு உங்கள் நோட்டில் ஏறாது.