கணக்கில் வராத ஆட்டக்காரர்கள்

வெளியூர்க்காரர்களுக்குச் சென்னையின் பாடி என்றால் மேம்பாலம், அதன் பக்கத்தில் பெரிய துணிக்கடை. பக்திமான்களுக்கு அது சம்பந்தர் பாடிய திருவலிதாயம். அங்கேயே வளர்ந்தவர்களுக்கோ அது ஆலைகளின் ஊர். 1960களின் தொடக்கத்தில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், சுந்தரம் கிளேட்டன் என்று அடுத்தடுத்து வந்தன. பிரிட்டிஷ் நிறுவனங்களோடு முறையாகக் கூட்டுச் சேர்ந்து தொழில் கற்றுக்கொண்டவை இவை. 1998இல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியது. தரத்துக்கான அந்தப் பரிசு ஓர் இந்திய நிறுவனத்துக்குக் கிடைத்தது அதுவே முதல் முறை.

அதே காலத்தில் ஜப்பானில் பிறந்த இன்னொரு சரக்கும் பாடிக்குள் வந்துகொண்டிருந்தது. அதற்கு ஒப்பந்தமும் இல்லை, பில்லும் இல்லை.

நிண்டெண்டோ 1983 ஜூலையில் வெளியிட்ட ஃபேமிகாம் பெட்டியின் நகல்கள்தான் அந்தச் சரக்கு. ‘லிட்டில் மாஸ்டர்’, ‘மீடியா’ என்று மேலே என்ன பெயர் இருந்தாலும் எங்களுக்கு அது ‘டிவி கேம்’. தீபாவளி போனஸ் வந்த வாரத்தில் ஒரு வீட்டில் வாங்கினால் தெருவே அங்கே இருக்கும். சாலிடேர், டயனோரா டிவியின் ஆன்டெனா வயரைக் கழற்றிவிட்டு கேம் வயரைச் செருக வேண்டும். கேசட்டின் லேபிளில் வரிசையாக ஒன்பதுகள் போட்டு ‘இன் ஒன்’ என்றிருக்கும். உள்ளே இருப்பது சில டஜன் ஆட்டங்கள். மற்றதெல்லாம் அதே சர்க்கஸ் சார்லி, அதே ரோடு ஃபைட்டர், வேறு ஸ்டேஜிலிருந்து தொடங்கும். திரை கோடு கோடாக வந்தால் கேசட்டை எடுத்து ஊதிப் போடுவோம். ஊதியதால் சரியானதில்லை, கழற்றித் திரும்பச் செருகியதால் பின்கள் ஒழுங்காகத் தொட்டன, அவ்வளவுதான். எச்சில் ஈரம் பட்டுப் பட்டு அந்தப் பின்கள் கெட்டதுதான் மிச்சம்.

அந்தக் காலத்துப் பெரிய ஆட்டம் கான்ட்ரா. மூன்று லைஃபை வைத்துக்கொண்டு அதை முடிப்பது சாதாரணப் பிள்ளையால் ஆகாத காரியம். மேலே மேலே, கீழே கீழே, இடம் வலம் இடம் வலம், பி, ஏ என்று அழுத்தினால் முப்பது லைஃப். கான்ட்ராவைச் செய்த கொனாமியில் வேலை பார்த்த கசுஹிசா ஹஷிமோட்டோ, கிராடியஸ் ஆட்டத்தை 1986இல் வீட்டுப் பெட்டிக்கு மாற்றியபோது, சோதித்துப் பார்ப்பதற்குள் தானே செத்துக்கொண்டிருந்ததால் தன் வசதிக்காக வைத்த குறுக்குவழி அது. எடுக்க மறந்துவிட்டார். இணையமோ பத்திரிகையோ இல்லாமல், வாய்வழியாகவே அது பாடித் தெருக்களுக்கு வந்து சேர்ந்தது. ஹஷிமோட்டோ 2020இல் காலமானார். தன் விரல் வரிசையை இங்கே எத்தனை பிள்ளைகள் மனப்பாடமாக வைத்திருந்தார்கள் என்பது கொனாமியின் எந்த விற்பனைக் கணக்கிலும் இருந்திருக்காது.

என் வாதமே இந்த இடத்தில்தான். நாங்கள் வெறிகொண்ட ரசிகர்கள். ஆனால் வாடிக்கையாளர்கள் இல்லை. முறையாக விற்கக் கடை விரித்தவர்கள் எங்கள் தெருவரை வந்ததில்லை, வந்திருந்தாலும் அந்த விலைக்கு வாங்கியிருக்க மாட்டோம். ஆகவே எங்கள் குறைகளுக்குப் போய்ச் சேர ஒரு விலாசமே இல்லாமல் போயிற்று.

குறைகளுக்குப் பஞ்சமா? சூப்பர் மரியோவை நடுவில் சேவ் செய்ய வழியில்லை. கடைசிக் கோட்டையில் கரண்ட் போனால் முதலிலிருந்து. பிறகு கம்ப்யூட்டர் காலம். ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் பர்மா பஜாரிலும் வாங்கிய சிடியில் ப்ராஜெக்ட் ஐஜிஐ வந்தது. நார்வேயின் இன்னர்லூப் 2000இல் செய்த அருமையான ஆட்டம். பனிமலை முகாம், தூரத்திலிருந்து ஸ்னைப்பர், அலாரம் அடிக்குமுன் கேமராவை நிறுத்தும் படபடப்பு. ஆனால் ஒரு மிஷனுக்கு நடுவே சேவ் கிடையாது. மரியோவுக்குச் சொல்லும் சமாதானம், மெமரி விலை அதிகம் என்பது, இதற்குச் செல்லாது. இது வடிவமைத்தவர்களின் பிடிவாதம். கஷ்டமான ஆட்டம் வேறு, ஆடுபவரின் நேரத்தை மதிக்காத ஆட்டம் வேறு. ஐஜிஐ இரண்டாவது வகை என்பேன், எத்தனை பேர் சண்டைக்கு வந்தாலும்.

கிரிக்கெட்டில்தான் விலாசமில்லாத கதை முழுசாகத் தெரியும். இஏ ஸ்போர்ட்ஸ் 2006 நவம்பரில் கிரிக்கெட் 07 வெளியிட்டது. ஆஸ்திரேலியா, இங்கிலாந்து அணிகள் அசல் பெயரோடு வந்தன; உரிமம் இல்லாததால் நம் ஆட்டக்காரர்கள் திரிந்த பெயர்களில் மட்டை பிடித்தார்கள். அதன் பிறகு அந்த நிறுவனம் கம்ப்யூட்டருக்குக் கிரிக்கெட் ஆட்டம் வெளியிடவே இல்லை. கிரிக்கெட்டை இவ்வளவு கொண்டாடும் நாட்டை விட்டுவிட்டு எந்த நிறுவனமாவது போகுமா? போகும், அந்த நாடு வாங்குபவர் பட்டியலில் இல்லாவிட்டால்.

போனார்கள், ஆட்டம் போகவில்லை. ரசிகர்களே கோப்புகளைப் பிரித்துப் பெயர்களைத் திருத்தினார்கள். 2008இல் ஐபிஎல் வந்ததும் சென்னைக்கு மஞ்சள் ஜெர்சி தைத்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் புது அணிகள், புது மட்டைகள், எல்லாம் சும்மா. அந்த ஆட்டத்துக்குக் குரல் கொடுத்த ரிச்சி பெனோ 2015இல் மறைந்த பிறகும் அவர் வர்ணனை பழைய கம்ப்யூட்டர்களில் கேட்டுக்கொண்டிருந்தது. இறங்கி வந்து தூக்கி அடித்தால் பெரும்பாலும் சிக்ஸர் என்ற ஓட்டையை மட்டும் யாராலும் முழுசாக அடைக்க முடியவில்லை.

அந்த வெற்றிடத்தில் நுழைந்தது சென்னை நிறுவனம் ஒன்று. நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியாவின் வேர்ல்டு கிரிக்கெட் சாம்பியன்ஷிப் வரிசையில் இரண்டாவது ஆட்டம் 2015இலும் மூன்றாவது 2020இலும் செல்போனுக்கு வந்தன, இலவசமாக. நம்மூர்க்காரர்கள் செய்தது என்று பெருமைப்படலாம். ஆனால் செல்போன் ஆட்டங்களில் இலவசம் என்றால் ஓவருக்கு நடுவே விளம்பரம், நல்ல மட்டைக்குத் தனிக் காசு. இதைத் திட்டும் என் தலைமுறைக்காரர்கள், காசு கொடுத்து ஆடிய பழக்கம் நமக்கு எப்போது இருந்தது என்பதையும் யோசிக்கலாம்.

காசு கொடுத்தாலும் கையில் நிற்காது என்பது புதிய குறை. பப்ஜி மொபைலை மத்திய அரசு 2020 செப்டம்பர் 2ஆம் தேதி தடை செய்தது. அக்டோபர் 30இல் சர்வரும் நின்றது. அதில் உடைக்கும் துப்பாக்கிப் பூச்சுக்கும் செலவழித்த பிள்ளைகள் விழித்துக்கொண்டு நின்றார்கள். மறு ஆண்டு பிஜிஎம்ஐ என்று வந்தது, 2022 ஜூலையில் ஆப் கடைகளிலிருந்து போனது, 2023 மே மாதம் திரும்பியது. திருட்டு கேசட்டைக்கூட யாரும் வீடேறி வந்து பிடுங்கவில்லை.

ஸ்டீம் கடை 2015 நவம்பரில் ரூபாயில் விலை போட்டதும், சிடி நகலில் வளர்ந்தவர்கள் பலர் முதன்முதலாக முறையாக வாங்கத் தொடங்கினார்கள். ஒழுக்கம் பேசிப் பேசி நடக்காதது, கட்டுப்படியாகும் விலையால் நடந்தது. பிளேஸ்டேஷன் 5க்கான சோனியின் பெரிய ஆட்டம் ஒன்றுக்கு 4,999 ரூபாய் கேட்பவர்களுக்கு இது ஏன் புரியவில்லை என்று தெரியவில்லை.

இப்போது நம் குறைகளுக்கு ஒரு விலாசமும் கிடைத்திருக்கிறது. 2023இல் வெளியான ‘வெண்பா’, 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக் கதை. டொராண்டோவின் விசை கேம்ஸ் செய்தது. மறு ஆண்டு பாஃப்டாவின் அறிமுக ஆட்டப் பரிசை வென்றது. இட்லித் தட்டுகளை ஆவி மேலே போகும்படி எப்படி அடுக்குவது என்பதுதான் அதன் முதல் புதிர். சில மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது என்று பலரும் குறைப்படுகிறார்கள். எனக்கு அந்த அளவு சரியாகவே பட்டது. என் குறை வேறு: சமைப்பதும் சில இடங்களில் பேச்சைத் தேர்வதும்தான் நம் கையில், மகனோடு அந்த அம்மாவுக்கு வரும் மனத்தாங்கலில் நாம் பெரும்பாலும் பார்வையாளர். அடுத்த ஆட்டத்தில் வாய்விட்டுச் சண்டை போடவும் இடம் வையுங்கள்.