கடிகாரத்துக்குப் புது முகம்

பழைய பட்டுப் புடவையை ஜரிகைக்காரரிடம் போட்டுப் பணம் வாங்கிக்கொண்டு, பிறகு, "அடடா, அம்மாவின் கூறைப் புடவையாயிற்றே!" என்று வருந்தியவர்கள் நம்மில் எத்தனையோ பேர். கைக்கடிகார விஷயத்திலும் அப்படி ஒரு வருத்தம் நேரக்கூடும், சகோதரிகளே! எப்படி என்று சொல்கிறேன், கேளுங்கள்.

உங்கள் வீட்டில் விலை உயர்ந்த ஸ்விஸ் கடிகாரம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்தில் உங்கள் தகப்பனார் மாப்பிள்ளைக்குப் போட்டது. இப்போது டயல் பழுப்பேறிவிட்டது. "இதை எடுத்துவிட்டு நீல டயல் போட்டால் என்ன?" என்கிறார் உங்கள் வீட்டுக்காரர்.

பேஷாகப் போடலாம். டயல் என்பது மெல்லிய தகடுதான். அதன் பின்புறம் இரண்டு சிறு கால்கள் இருக்கும். அவை யந்திரத்தின் துவாரங்களில் பொருந்தி நிற்கும். கம்பெனியின் சொந்த சர்வீஸ் நிலையத்தில் முட்களைப் பக்குவமாகக் கழற்றி, டயலை மாற்றி, தண்ணீர் புகாமல் காக்கும் வளையத்தையும் புதிதாகப் போட்டுச் சோதித்துத் தருவார்கள். ஆனால் நாம் ஆசைப்பட்ட டயலையெல்லாம் போடமாட்டார்கள். அதே மாடலுக்கென்று அவர்களே தயாரித்ததாக இருக்க வேண்டும். வெளியில் வாங்கிய டயலைப் பொருத்திக்கொண்டால், பிறகு அந்தக் கடிகாரத்தைத் தொடவே மறுக்கும் கம்பெனிகளும் உண்டு.

சரி, கழற்றிய பழைய டயல் என்ன ஆகிறது? இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். பல கம்பெனிகள் பழையதை எடுத்துக்கொண்டுதான் புதியதைக் கொடுக்கின்றன. சில, கூடுதல் பணம் கட்டினால் திருப்பித் தரும். சில தரவே தரா. "போகட்டும், பழசுதானே!" என்கிறீர்களா?

ஹாலிவுட் நடிகர் பால் நியூமனுக்குக் கார்ப் பந்தயத்தில் ஒரே மோகம். அவருடைய மனைவி ஜோன் உட்வர்ட் ஒரு ரோலெக்ஸ் டேடோனா கடிகாரத்தை வாங்கி, அதன் பின்புறத்தில், 'ஜாக்கிரதையாக ஓட்டுங்கள் - நான்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் பொறித்துக் கொடுத்தார். எந்த மனைவிக்குத்தான் அந்தக் கவலை இல்லை! அந்த ரக டயல் கடைக்கு வந்த புதிதில் யாரும் அதை அவ்வளவாக விரும்பவில்லை. 1984-ல் நியூமன் அந்தக் கடிகாரத்தைத் தம் மகளின் சிநேகிதருக்குக் கொடுத்துவிட்டார். 2017 அக்டோபர் 26-ம் தேதி நியூயார்க்கில் அது ஏலம் போன விலை என்ன தெரியுமா? 1,77,52,500 டாலர்! இன்று அந்த ரக டயலுக்கே 'பால் நியூமன் டயல்' என்று பெயர். அதே மாடலில் சாதாரண டயல் உள்ள கடிகாரம் அதைவிட வெகு குறைந்த விலைக்கே போகிறது. பிடிக்காத டயலை அன்று மாற்றிக்கொண்டவர் யாராவது இருந்தால், இன்று அவர் மனம் என்ன பாடுபடும்!

"அப்படியானால் வீட்டிலேயே கழற்றிப் பத்திரப்படுத்திவிடலாமே" என்று எண்ணாதீர்கள். 1960-களுக்கு முந்திய பல கடிகாரங்களில், இருட்டில் ஒளிர்வதற்காக ரேடியம் கலந்த பூச்சு இருக்கும். ஒளி மங்கியிருந்தாலும் ரேடியத்தின் வீரியம் போவதில்லை. அது பாதியாகக் குறையவே சுமார் 1,600 வருஷம் ஆகும். அந்தப் பொடி உதிர்ந்து மூச்சில் கலந்தால் ஆபத்து.

ஆகவே, கடிகாரத்தைக் கொடுக்கும்போது மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய டயல் திரும்பக் கிடைக்குமா? அதற்குத் தனிப் பணம் உண்டா? முட்களையும் மாற்றுவார்களா? பதிலை ரசீதில் எழுதி வாங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். தரமாட்டோம் என்றால், டயலை அப்படியே விட்டு யந்திரத்தை மட்டும் சுத்தம் செய்து தரச் சொல்லலாம்.

பழுப்பேறினால் என்ன? உங்கள் தகப்பனார் கடையில் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியெடுத்த டயல் அல்லவா அது?