இணையவழி முனைவர் பட்டத்துக்கு என்ன விலை கொடுக்கலாம்?

தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அண்மையில் எங்கள் மூணாறுக் கிளைக்கு வந்தார். ஒரு கையில் பணிக்கொடை வரவு வைக்கப்பட்ட கணக்குப் புத்தகம். மறு கையில் பளபளப்பான தாளில் அச்சிட்ட விவர ஏடு. அவருடைய மகள் எம்.எட். முடித்துத் தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று இணையவழியில் வழங்கும் கல்வியியல் முனைவர் பட்டத்தில் சேர வேண்டும் என்பது மகளின் விருப்பம். கட்டணம் ஆறு லட்சம் ரூபாய், மூன்று தவணைகள். "முதல் தவணை ரெண்டு லட்சத்த இன்னைக்கே அனுப்பணும் சார். நாளைக்குச் சலுகை கிடையாதாம்" என்றார்.

பணத்தை அனுப்பிவைப்பது எங்கள் பணி. வாடிக்கையாளர் தம் பணத்தைத் தம் விருப்பப்படி செலவிட உரிமை உடையவர். எனினும் சில வேளைகளில் படிவத்தை நீட்டுவதற்கு முன் ஒரு நாற்காலியை நீட்டுவது நல்லது என்று கருதுகிறோம். அன்று அப்படித்தான் செய்தோம்.

பணிக்கொடைச் சட்டத்தின் கணக்கு எளியது. பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் ஊதியம். நாள் ஊதியத்தை 480 ரூபாய் என்று கொண்டால், முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு 2,52,000 ரூபாய் வரும். பெரியவரின் கணக்கில் இருந்ததும் ஏறத்தாழ அவ்வளவே. ஓய்வுக்குப் பின் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது தோட்டத்து மக்கள் அனைவரும் அறிந்தது. தேனிப் பக்கமோ திருநெல்வேலிப் பக்கமோ ஒரு சிறு மனை, அதன்மேல் இரண்டு அறை என்பதுதான் பல குடும்பங்களில் அந்தத் தொகையின் முடிவான பயன். ஆக, அந்த விவர ஏடு கேட்ட முதல் தவணை ஒரு வீட்டின் அடித்தளம். மீதி நான்கு லட்சத்தைக் கடனாகத் தர முடியுமா என்பது அவருடைய இரண்டாவது கேள்வி.

இது ஒருவரின் கதை மட்டுமன்று. முன்னர் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில் பணியாற்றியபோதும் இதே போன்ற விவர ஏடுகளைக் கண்டோம். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதிப் பகுதிகளின் தமிழ்வழி ஆசிரியர்கள் சிலர், ஊதியச் சான்றுடன் வந்து தனிநபர் கடன் கேட்டார்கள். காரணம் என்று வினவினால், கொஞ்சம் தயங்கி, "டாக்டரேட்" என்பார்கள். அந்தத் தயக்கம் எங்களுக்குப் புரிந்தது. நாற்பது வயதைக் கடந்தபின் படிக்க விரும்புவது கூச்சப்படத்தக்க செயலன்று. பெயருக்கு முன் 'முனைவர்' என்று அச்சாவதில் உள்ள மகிழ்ச்சியையும் நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. மகளின் திருமண அழைப்பிதழில் அது எவ்வளவு அழகாக இருக்கும் என்று ஒருவர் சொல்லியே இருக்கிறார்.

ஆனால் விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தப் பட்டத்தை யார் ஏற்பார்கள்?

குழப்பம் எங்கே பிறக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2020இல் வகுத்த விதிகளின்படி, அனுமதி பெற்ற பல்கலைக்கழகங்கள் இளங்கலை, முதுகலைப் படிப்புகளை இணையவழியில் நடத்தலாம். அப்பட்டங்கள் கல்லூரிக்கு நேரில் சென்று பெற்ற பட்டத்துக்கு நிகரானவை என்று 2022 செப்டம்பரில் குழு தெளிவுபடுத்தியது. இதை அறிந்த ஒருவர், இணையவழி எம்.ஏ. செல்லுமானால் இணையவழி முனைவர் பட்டமும் செல்லும் என்று எண்ணுவது இயல்பு. ஆயினும் ஆய்வுப் பட்டங்களுக்கு அந்த வாசல் திறக்கப்படவில்லை. 2022 நவம்பரில் வெளியான முனைவர் பட்ட விதிமுறைகள் தொலைநிலையிலோ இணையவழியிலோ முனைவர் பட்டம் நடத்துவதை அனுமதிக்கவில்லை. அதற்குச் சில நாட்கள் முன்பே, அக்டோபர் 28 அன்று, மானியக் குழுவும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் கூட்டாக ஓர் எச்சரிக்கை விடுத்தன. கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்கள் வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களுடன் சேர்ந்து விளம்பரம் செய்யும் இணையவழி முனைவர் பட்டங்களுக்கு அங்கீகாரம் இல்லை, மாணவர்கள் மயங்க வேண்டாம் என்பது அதன் சாரம்.

பெரியவர் கொண்டுவந்த விவர ஏட்டில் 'உலகத் தரம்' என்ற சொல் ஏழு இடங்களில் இருந்தது. அங்கீகாரம் பற்றி ஒரு வரியும் இல்லை.

கடன் தரும் இடத்தில் இருந்து பார்த்தால் இதன் பொருள் இன்னும் தெளிவாகும். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கானது. அதில் ஏழரை லட்சம் வரை பிணையம் கேட்பதில்லை. படிப்புக் காலத்துடன் மேலும் ஓர் ஆண்டு தவணை இல்லை. திருப்பிச் செலுத்தப் பதினைந்து ஆண்டுகள் வரை கிடைக்கும். அங்கீகாரம் இல்லாத படிப்பு இந்த நிழலுக்குள் வராது. எனவே முகவர்கள் தனிநபர் கடனைக் காட்டுகிறார்கள். ஆறு லட்சத்தை 11 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுகளுக்குப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 13,045 ரூபாய். மொத்தமாகச் செலுத்துவது சுமார் 7,83,000 ரூபாய். அடுத்த மாதமே தவணை தொடங்கிவிடும். பழைய வரிமுறையில் கல்விக் கடன் வட்டிக்கு உள்ள சலுகையும் இதற்குக் கிடையாது. கட்டணம் டாலரில் என்றால் இன்னொரு சுமை. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 71 ரூபாயாக இருந்த டாலர் 2025 டிசம்பரில் 90 ரூபாயைத் தாண்டியது. மூன்றாம் தவணை முதல் தவணையைப் போல் இராது.

விவர ஏட்டில் உள்ள தொகையே முடிவான தொகை என்றும் எண்ண வேண்டாம். முனைவர் பட்டத்தின் நீளத்தை மாணவர் முன்கூட்டி அறிய முடியாது. பாடங்கள் முடிந்தாலும் ஆய்வேடு முடிவதில்லை. அது முடியும்வரை பருவந்தோறும் 'தொடர்ச்சிக் கட்டணம்' வந்துகொண்டிருக்கும். அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் பல்கலைக்கழகம் தன் முனைவர் படிப்புகளின் செலவைக் குறைத்துக் காட்டியதாக 2023 அக்டோபரில் அந்நாட்டுக் கல்வித்துறை குற்றம் சாட்டி, 3 கோடியே 77 லட்சம் டாலர் தண்டம் விதித்தது. விளம்பரப்படுத்திய செலவுக்குள் படிப்பை முடித்தவர்கள் பட்டம் பெற்றோரில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு என்று துறை சொன்னது. பல்கலைக்கழகம் குற்றச்சாட்டை மறுத்தது. 2025 மே மாதத்தில் அத்தண்டம் கைவிடப்பட்டது. அந்த வழக்கின் நியாயத்தைத் தீர்ப்பது நம் வேலையன்று. ஆய்வேடு மூன்றாம் ஆண்டிலும் முடியாவிட்டால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற ஒரு கேள்வியை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அதற்கு எழுத்தில் பதில் தராத நிறுவனத்துக்குப் பணம் அனுப்ப வேண்டாம்.

அப்படியானால் மலையில் இருக்கும் ஆசிரியர் ஆய்வு செய்யவே கூடாதா? இந்த இடத்தில் நாங்கள் சற்று நின்று பேச விரும்புகிறோம். இணையவழிப் படிப்பின் கவர்ச்சி வெறும் விளம்பரத்தால் வந்ததன்று, தொலைவால் வந்தது. கொழிஞ்சாம்பாறை ஆசிரியர் சனிக்கிழமை காலை பேருந்து ஏறினால் கோவையில் பாரதியார் பல்கலைக்கழகத்துக்குப் போய் மாலையில் வீடு திரும்பலாம். மூணாறில் இருந்து மகாத்மா காந்தி பல்கலைக்கழகம் உள்ள கோட்டயத்துக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர் மலைப்பாதை. மறையூர், சின்னார் வழியாக உடுமலைக்கு இறங்கினால் அங்கே பல்கலைக்கழகம் இல்லை. இன்னும் போக வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் எந்த வழியும் இல்லை. மூணாறு அரசுக் கல்லூரியே 2018 ஆகஸ்டு மழையில் தன் கட்டடத்தை இழந்தது. இப்படிப்பட்ட ஊரில் கைப்பேசிக்குள் ஒரு பல்கலைக்கழகம் வருகிறது என்று கேட்டவுடன் மனம் சாய்வதைக் குற்றம் சொல்ல மாட்டோம்.

ஆனாலும் பகுதிநேர ஆய்வு என்ற வழி உண்டு. 2022 விதிமுறைகள் அதை வெளிப்படையாக அனுமதிக்கின்றன. பணியில் இருப்பவர் தம் நிறுவனத்திடம் தடையின்மைச் சான்று பெற வேண்டும். ஆய்வுக்கு நேரம் கிடைக்கும், பாடப் பகுதிக்காகத் தேவைப்பட்டால் விடுவிக்கப்படுவார் என்பது அதில் இருக்க வேண்டும். குறைந்த காலம் மூன்று ஆண்டு. இயல்பான உச்சவரம்பு ஆறு ஆண்டு. பெண்களுக்குக் கூடுதல் கால அவகாசம் உண்டு. கட்டணம் இலட்சங்களில் அமைவது அரசுப் பல்கலைக்கழகங்களில் அரிது. செலவெல்லாம் பேருந்துக் கட்டணமும் விடுப்பும் தூக்கமும்தான். நெறியாளர் கிடைப்பதே பெரிய தடை: ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கு மேல் வழிகாட்ட முடியாது, உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கு மேல் முடியாது. ஓர் ஆண்டு காத்திருக்க நேரலாம். காத்திருப்பதற்கு வட்டி இல்லை.

இதையும் எதற்காகச் செய்கிறோம் என்பதை முடிவு செய்ய வேண்டும். கல்லூரி ஆசிரியர் பணியே குறிக்கோள் என்றால், உதவிப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்கு முனைவர் பட்டம் கட்டாயமில்லை. நெட், செட் போன்ற தகுதித் தேர்வே குறைந்த தகுதி என்று மானியக் குழு 2023 ஜூலை 1 முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. பள்ளி ஆசிரியருக்கு ஊதிய உயர்வு கிடைக்கும் என்று முகவர் சொன்னால், எந்த அரசாணை, என்ன எண் என்று கேளுங்கள். எட்டாம் வகுப்பு வரை கற்பிப்பவர்களுக்கோ வேறு அவசரம் இருக்கிறது. ஓய்வுக்கு ஐந்தாண்டுகளுக்கு மேல் உள்ள ஆசிரியர்கள் இரண்டாண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தேர்வுப் பாடங்கள் மேசைமேல் கிடக்க, அங்கீகாரமில்லாத பட்டத்துக்குத் தவணை கட்டுவது எங்களுக்கு விளங்கவில்லை.

விலக்குகளும் உண்டு. வளைகுடாவிலோ வேறு நாட்டிலோ பன்னாட்டுப் பள்ளியில் பணியாற்றும் நம் ஊரார், அங்கேயே தங்கிப் பதவி உயர விரும்பினால், அந்நாட்டில் முறையான தரச்சான்று பெற்ற பல்கலைக்கழகத்தின் இணையவழிப் பட்டம் பயன் தரலாம். பணி தருபவரே ஏற்பதாக எழுதிக் கொடுத்தால் எங்களுக்கு மறுப்பில்லை. தனியார் நிறுவனம் எதை மதிக்கும் என்பது அதன் விருப்பம். பட்டமே வேண்டாம், ஒரு கேள்விக்கு விடை வேண்டும் என்பவரும் இருக்கலாம். வீட்டில் முதுவான் மொழி பேசும் இடமலைக்குடிக் குழந்தை பள்ளியில் எந்த மொழியில் தடுமாறுகிறது? தோட்டத்துத் தமிழ்வழி வகுப்புகளில் இருக்கைகள் ஏன் காலியாகின்றன? இக்கேள்விகளோடு பத்து ஆண்டு வகுப்பறையில் நின்ற ஆசிரியர் செய்யும் ஆய்வு எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் பெருமை. அத்தகையவருக்கு நெறியாளர்தான் முதல் தேவை. விவர ஏடு அன்று.

பெரியவரிடம் திரும்புவோம். மகளைத் தொலைபேசியில் அழைத்தார். வயது இருபத்தேழு என்று தெரிந்ததும் நாங்கள் வேறொரு கணக்கைச் சொன்னோம். நெட் தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. கல்வியியலும் அதில் ஒரு பாடம். பொதுப் பிரிவுக்கு விண்ணப்பக் கட்டணம் 1,150 ரூபாய், பிற பிரிவினருக்கு இன்னும் குறைவு. இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேர்வானால், முனைவர் ஆய்வில் சேர்ந்தபின் மாதம் 37,000 ரூபாய் மானியக் குழுவே தரும். அதற்கான வயது வரம்பு 30. பெண்களுக்கு மேலும் ஐந்தாண்டு தளர்வு. அதாவது அதே பட்டத்துக்கு அப்பா பணம் கட்டுவதற்கு மாறாக, மகளுக்குப் பணம் வரும். தேர்வு கடினம் என்பதையும் மறைக்கவில்லை.

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "அந்த ஆளு நாளைக்கு மறுபடி கூப்பிடுவாரே, என்ன சொல்றது?" என்றார் அவர். பட்டத்தை மானியக் குழு ஏற்கும் என்று மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள் என்றோம். மறுநாளும் அழைப்பு வந்ததாம், மின்னஞ்சல் வரவில்லை.

பணிக்கொடையில் இரண்டு லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம் என்று எடுத்துச் சொன்னோம். 2023 ஏப்ரலில் 8.2 விழுக்காடாக உயர்த்தப்பட்ட வட்டியில், காலாண்டுக்கு 4,100 ரூபாய் வரும். பெரியவர் ஒப்பவில்லை, ஐந்தாண்டு நீண்ட காலம், மனை அமைந்தால் உடனே எடுக்க வேண்டும் என்றார். அவர் சொன்னதே சரி. ஆறு மாத வைப்பில் போட்டு ரசீதை வாங்கிக்கொண்டார். விவர ஏட்டை மேசைமேல் மறந்துவிட்டுப் போனார்; அடுத்த வாரம் வந்து அதைக் கேட்டு வாங்கிச் சென்றதையும் சொல்ல வேண்டும். மகள் நெட் தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கிறார்.