கஞ்சா பிணிக்குமா?

1856ஆம் ஆண்டு சூலை முதல் நாள் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாசா சாலை வரை தென்னாட்டின் முதல் தொடர்வண்டி ஓடியது. அப்பாதையில் வளர்ந்த ஊர் அரக்கோணம். கிழக்கே சென்னைக்கும், மேற்கே சோலையார்பேட்டைக்கும், வடக்கே இரேணிகுண்டாவுக்கும், தெற்கே செங்கற்பட்டுக்குமாக நாற்புறமும் இருப்புப்பாதை பிரியும் நாற்கூடல் அது. வடபுலத்து வண்டிகள் வந்து நிற்கும் வேளைகளில் அந்நிலையத்து நடைமேடையில் காவலர் ஏறி இறங்கிப் பைகளைக் கிளறுவதும், உரிமை கோருவாரற்ற மூட்டையொன்று இருக்கைக்கடியிலிருந்து இழுத்து வரப்படுவதும், மறுநாட் செய்தித்தாளில் "கஞ்சா சிக்கியது" என்று நான்கு வரி வருவதும் இன்று நமக்குப் பழகிப்போன காட்சிகள்.

சிக்கியதைப் பற்றி எழுத நான் இங்கு வரவில்லை. சிக்காமற் சென்று சேர்வதைப் பற்றியே எழுத வந்தேன். ஆந்திர, ஒரிய எல்லை மலைகளில் விளைவது இப்பொருள். 2022 பிப்பிரவரியில் ஆந்திரக் காவல்துறை அனகாபள்ளிப் பகுதியில் ஒரே நாளில் ஏறத்தாழ 2 இலக்கம் கிலோ கஞ்சாவைக் கொளுத்தியது. கொளுத்தியது அவ்வளவு என்றால் விளைந்தது எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். அதிலொரு பங்கு, கைக்குள் அடங்கும் பொட்டலமாகி, இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோற்பட்டறைத் தெருக்களுக்கும், அரக்கோணத்திலிருந்து நாள்தோறும் சென்னைக்கு வேலைக்குச் சென்று மீளும் இளைஞர் கைகளுக்கும் வந்து சேர்கிறது.

சென்ற ஆண்டு என்னிடம் முன்பு பயின்ற இளைஞன் ஒருவன் ஒரு மாலைப் பொழுதில் என் வீட்டு வாயிலில் வந்து நின்றான். தோற்பட்டறையொன்றில் இரவு முறை வேலை. கண்கள் சிவந்திருந்தன, கைகள் அமைதியின்றி அலைந்தன. உட்காரச் சொன்னேன். சற்று நேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டுச் சொன்னான்: "ஐயா, மூன்றாண்டாகப் புகைக்கிறேன். விட்டுவிட எண்ணி இன்றோடு நான்கு நாள். தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, அம்மாவைக் கை நீட்டி அடிக்கப் போய்விட்டேன். கள்ளும் சாராயமுந்தான் அடிமையாக்கும், இது வெறும் இலை, எப்போது வேண்டுமானாலும் விட்டுவிடலாம் என்றார்களே, ஐயா!"

அவனுக்கு அன்று நான் சொன்ன விடை அரைகுறையானது. பின்னர்ப் படித்தும் மருத்துவரைக் கேட்டும் தெளிந்ததை இங்கு எழுதுகிறேன். கஞ்சா மாந்தனைப் பிணிக்குமா, பிணிக்காதா?

இவ்வினாவுக்கு நம் ஊரில் இரண்டு விடைகள் உலவுகின்றன. "இது மூலிகை, சித்தர் கண்டது, யாரையும் அடிமையாக்காது" என்பது ஒன்று. "ஒருமுறை தொட்டாற் போதும், வாழ்வே அழிந்தது" என்பது மற்றொன்று. முன்னது தெருமுனையில் விற்பவன் விடை. பின்னது மேடையில் முழங்குவோர் விடை. இரண்டும் பிழை. இரண்டாவது பிழை நல்லெண்ணத்தால் விளைந்தது எனினும், முதற் பிழைக்கு உரமிடுவது அதுவே. எங்ஙனமெனின், மேடைப் பேச்சைக் கேட்ட பையன் ஒருநாள் தோழரோடு சேர்ந்து புகைக்கிறான். மறுநாள் எழுகிறான், பல் துலக்குகிறான், வேலைக்குப் போகிறான், வாழ்வு அழியவில்லை. "பெரியவர்கள் சொன்னதெல்லாம் பொய்" என்னும் முடிவுக்கு வருகிறான். அதன்பின் நாம் சொல்லும் மெய்யையும் அவன் செவி ஏற்பதில்லை. மிகைப்படுத்திச் சொல்லும் அறவுரை பொய்க்குத் துணைபோகும் என்பதை நம் இயக்கத் தோழர்களும் நெஞ்சிற் கொள்ள வேண்டும்.

ஆதலால் சொல்லை முதலில் தெளிவோம். பழக்கம் வேறு, வேட்கை வேறு, பிணிப்பு வேறு. நாள்தோறும் ஒன்றைச் செய்வது பழக்கம். அது கிடைக்காதபோது உள்ளம் அதையே நாடுவது வேட்கை. தீங்கு விளைகிறதென்று அறிந்தும், விட வேண்டுமென்று விரும்பியும், விட முடியாமல் உடலும் உள்ளமும் கட்டுண்டு கிடப்பது பிணிப்பு. நம் மொழியின் நுட்பத்தைப் பாருங்கள்: கட்டுதலைக் குறிக்கும் பிணித்தல் என்னும் வினையும், நோயைக் குறிக்கும் பிணி என்னும் பெயரும் ஒரே வேரில் தோன்றியவை. நோயென்பது மாந்தனைக் கட்டுவது என்று கண்டவன் தமிழன். போதைக்கு ஆட்பட்டவனை "அடிமை" என்று சொல்லி இகழ்கிறோம். "பிணிப்புண்டவன்" என்று சொல்லிப் பாருங்கள். கட்டவிழ்க்கும் கடமை நமக்கும் உண்டென்பது உடனே விளங்கும்.

இனி, அறிவியல் கூறுவதென்ன? கஞ்சாவின் மயக்குபொருளை 1964ஆம் ஆண்டு இசுரேலில் மெக்கோலம், காவோனி என்னும் இரு வேதியலறிஞர் பிரித்தெடுத்து அதன் கட்டமைப்பைக் கண்டனர். அப்பொருள் மூளையில் எங்கே சென்று படிகிறது என்பது 1988இல் தெரிய வந்தது. மூளையின் உயிரணுக்களில் அதனை ஏற்கும் ஏற்பிகள் உள்ளன. பசி, உறக்கம், நினைவு, அச்சம் ஆகியவற்றை அளவிற் காக்க நம் உடலே சுரக்கும் பொருளுக்கென அமைந்தவை அவை. அவ்வாறு சுரக்கும் பொருள்களுள் ஒன்றை 1992இல் கண்டறிந்தனர். நாள்தோறும் கஞ்சாவைப் புகைப்பவன் வெளியிலிருந்து அந்த ஏற்பிகளில் ஓயாது அறைகிறான். மூளை என்ன செய்யும்? ஏற்பிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக் கொள்ளும். முன்பு ஒரு சுருளில் கிடைத்த மயக்கத்துக்கு இப்போது இரண்டு சுருள் வேண்டும். திடுமென நிறுத்தினால், பசிக்கும் உறக்கத்துக்கும் உரிய ஏற்பிகள் குறைந்த நிலையில் உடல் தத்தளிக்கும். என் மாணவன் சொன்னானே, தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, சினம் அடங்கவில்லை என்று, அது இதுதான்.

இத்தத்தளிப்பு பெரும்பாலும் நிறுத்திய மூன்று நாட்களுக்குள் தொடங்கும்; முதற் கிழமையில் உச்சமடையும்; இரண்டொரு கிழமைகளில் தணியும். உறக்கக் குறை மட்டும் சிலர்க்கு ஒரு திங்களுக்கு மேலும் நீளலாம். மதுவை மிகுதியாகக் குடித்தவன் திடுமென நிறுத்தும்போது நேரக்கூடிய உயிரிடர் இதில் இல்லை என்பது உண்மை. ஆனால் உயிர் போகாதது எல்லாம் பிணிப்பன்று என்று எவரும் சொல்லார். புகையிலையை நிறுத்தியவனும் சாவதில்லை. அதனாற் புகையிலை பிணிக்காது என்போமா? அமெரிக்க உளமருத்துவர் கழகம் 2013இல் வெளியிட்ட நோய்வகை நூலின் ஐந்தாம் பதிப்பில், கஞ்சாவை நிறுத்துவதால் வரும் இத்துன்பத்தை ஒரு தனி நோய்நிலையாகவே சேர்த்துள்ளது.

எத்தனை பேரைப் பிணிக்கிறது? 1994இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, வாழ்நாளில் ஒருமுறையேனும் பயன்படுத்தியவர்களுள் பிணிப்புண்டவர்களைக் கணக்கிட்டது. புகையிலையில் நூற்றுக்கு 32 பேர். அபினி வகையான எரோயினில் 23 பேர். மதுவில் 15 பேர். கஞ்சாவில் 9 பேர். தொட்டவரெல்லாம் அழிவதில்லை, ஆனால் பத்துப் பதினொருவர்க்கு ஒருவர் கட்டுண்டார். இளம் பருவத்திலேயே தொடங்கியோரிடையே இது ஏறத்தாழ அறுவர்க்கு ஒருவர் என்பது ஆய்வாளர் கணிப்பு. இவையும் பழைய கஞ்சாவின் கணக்கு. அமெரிக்காவில் கைப்பற்றப்பட்ட கஞ்சாவில் 1995இல் நூற்றுக்கு 4 பங்காக இருந்த மயக்குபொருள் 2014இல் 12 பங்காக உயர்ந்தது. பாட்டன் புகைத்ததும் பேரன் புகைப்பதும் ஒன்றென எண்ணுவது ஏமாற்றம்.

நம் நாட்டு நிலையை 2019இல் வெளியான நடுவண் அரசின் கணக்கெடுப்பு காட்டுகிறது. பாங்கு, கஞ்சா, சரசு ஆகியவற்றை ஓராண்டுக்குள் பயன்படுத்தியோர் 3 கோடியே 10 இலக்கம் பேர். அவற்றால் தீங்குற்று உதவி வேண்டி நிற்போர் 72 இலக்கம் பேர். நால்வர்க்கு ஒருவர் என்னும் அளவு அது. "யாரையும் பிணிக்காது" என்பார் இவ்வெண்ணைக் கண்ட பின்னும் வாய் திறப்பரோ?

பிணிப்போடு முடிவதுமில்லை. சுவீடன் நாட்டில் படைப்பயிற்சிக்குச் சேர்ந்த 45,000க்கு மேற்பட்ட இளைஞரைப் பதினைந்தாண்டு தொடர்ந்து கண்டு 1987இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஐம்பது முறைக்கு மேற் கஞ்சா பயன்படுத்தியோர்க்கு மனச்சிதைவு நோய் வந்தது மற்றவர்க்கு வந்ததைப்போல் ஆறு மடங்கு. நோய்க்கு ஆட்படும் இயல்புள்ளோரே கஞ்சாவை நாடினரா, கஞ்சாவே நோயைத் தூண்டிற்றா என்று அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். ஆனால் குடும்பத்தில் ஒருவர்க்கு அந்நோய் இருந்தால், அவ்வீட்டுப் பிள்ளை கஞ்சாவைத் தீண்டவே கூடாதென்பதில் மருத்துவரிடையே வேற்றுமையில்லை.

இனி, "சித்தர் மூலிகை" என்னும் வாதம். கோரக்கர் மூலி என்னும் பெயரில் சித்த மருத்துவம் இச்செடியை அறியும் என்பது மெய். ஆனால் மருத்துவன் அளந்து, முறிப்புச் செய்து, நோய்க்கு நோய் கொடுக்கும் மருந்து வேறு. இரவு முறை வேலை முடித்தவன் சந்தில் நின்று இழுக்கும் புகை வேறு. சேராங்கொட்டையும் சித்த மருந்துதான்; அதை யாராவது வாயிலிட்டு மெல்வரோ? முன்னோர் பெயரை முன்னிறுத்தி இன்றைய வணிகனின் பொட்டலத்துக்கு மதிப்பூட்டுவது முன்னோர்க்குச் செய்யும் இழிவு.

2020 திசம்பரில் ஒன்றிய நாடுகள் அவையின் போதைப்பொருள் ஆணையம் 27க்கு 25 என்னும் வாக்கில் கஞ்சாவைக் கடுமை மிக்க நான்காம் பட்டியலினின்று நீக்கியதையும் சிலர் எடுத்துக்காட்டுவர். நீக்கம், மருத்துவப் பயனை ஏற்றதற்கு அடையாளம். கட்டுப்பாட்டுக்குரிய முதற் பட்டியலில் அது இன்றும் உள்ளது. பாதியைச் சொல்லி மீதியை மறைப்பது நேர்மையன்று.

வரலாற்றையும் சற்றுத் திரும்பிப் பாருங்கள். 1860இல் சென்னைத் துறையினின்று நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு நம் மக்கள் ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலேற்றப்பட்டனர். 1870இல் அந்நாட்டு வெள்ளையர் அரசு, கூலிகள் கஞ்சாவைப் புகைப்பதையும் வைத்திருப்பதையும் சட்டத்தால் தடுத்தது. நம்மவர் உடல்நலத்தின்மேல் கொண்ட அன்பாலன்று. தோட்டவேலை கெடும் என்னும் கவலையால். அதே காலத்தில் இங்கே அதே பேரரசு கஞ்சா விற்பனைக்கு உரிமம் விட்டு வரி வாங்கிக்கொண்டிருந்தது. 1893இல் அமர்ந்த இந்திய சணற்போதைப்பொருட் குழு, 1,100க்கு மேற்பட்ட சான்றாளரை உசாவி, அளவான பயன்பாட்டாற் பெருந்தீங்கில்லை, முற்றுந்தடை வேண்டா, வரியும் கட்டுப்பாடும் போதும் என்று 1894இல் அறிக்கை தந்தது. அக்குழு உழைத்துத் தேடியதை மறுக்க மாட்டேன். பித்தர் விடுதிப் பதிவேடுகளில் கஞ்சாமேற் சுமத்தப்பட்ட பழிகள் பல சான்றற்றவை என்று அது காட்டியதும் உண்மையே. எனினும் மூளையின் ஏற்பிகளை எவரும் அறியாத காலத்து அறிக்கை அது. அதைக் கையிலேந்தி இன்று வாதிடுவது, பழைய நாட்காட்டியைப் பார்த்து இன்றைய நாளைச் சொல்வது போலாகும்.

சரி, இன்றைய அரசு என்ன செய்கிறது? 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி 20 கிலோவுக்கு மேற்பட்டது வணிக அளவு. பத்து முதல் இருபதாண்டு வரை சிறை. ஒரு கிலோவுக்குக் குறைந்தது சிறிய அளவு. ஓராண்டு வரை சிறை. மூட்டையைக் கடத்துபவனையும் பொட்டலத்தில் புதைந்தவனையும் சட்டம் அளவால் வேறுபடுத்துகிறது. அதுமட்டுமன்று. அச்சட்டத்தின் 64அ பிரிவு, சிறிய அளவோடு அகப்பட்டவனோ புகைத்தவனோ பிணிப்புண்டவனாயிருந்து, அரசு நடத்தும் அல்லது ஏற்ற மருத்துவமனையில் தானே முன்வந்து மருத்துவம் பெற்று முடிப்பின், அவன்மேல் வழக்கில்லை என்கிறது. இப்பிரிவை நம் ஊரில் எத்தனை தாய்மார் அறிவர்? மகன் புகைப்பதைக் கண்டும், காவலர்க்கு அஞ்சி வீட்டுக்குள்ளேயே மறைத்து அழுது தீர்க்கும் அன்னையர் எத்தனை பேர்!

இன்னொன்றையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். அதே 2019 கணக்கெடுப்பில் மதுவாற் கெட்டு உதவி வேண்டி நிற்போர் 5 கோடியே 70 இலக்கம். 2003 முதல் மதுவைச் சில்லறையாகத் தானே விற்கும் அரசு, கஞ்சாவை ஒழிக்கப் பேரணி நடத்தும்போது இளைஞன் சிரிக்கிறான். அவன் சிரிப்புக்கு நம்மிடம் விடையில்லை. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்த மண்ணில், ஒரு மயக்கத்துக்கு விலங்கும் மற்றொரு மயக்கத்துக்கு விற்பனைச் சீட்டுமா? ஆயினும் மது தீயதென்பதாற் கஞ்சா நல்லதாகிவிடாது. இரண்டு கயிறுகளுள் ஒன்று மெலிந்ததென்று கழுத்தை நீட்டுவார் உண்டோ?

செய்ய வேண்டியதென்ன? ஒன்று, பிள்ளைகளிடம் மெய்யை மெய்யாகவே சொல்லுங்கள். மிகையும் வேண்டா, மழுப்பலும் வேண்டா. இரண்டு, கஞ்சாப் பிணிப்பை அறுக்கத் தனி மாத்திரை எதுவும் இன்றுவரை ஏற்கப்படவில்லை. பேச்சுவழி மருத்துவமும் உற்றார் துணையுமே மருந்து. ஆதலால் "நீயே விட்டுவிடு" என்று தனியே தள்ளாது, அரசு மருத்துவமனை உளமருத்துவப் பிரிவுக்கு அவனோடு நீங்களே நடந்து செல்லுங்கள். 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசியிலும் வழி கேட்கலாம். மூன்று, தோற்பட்டறைகளிலும் பிற ஆலைகளிலும் இரவு முறை உழைப்போர்க்கு ஓய்வும் மருத்துவ உதவியும் கேட்டுத் தொழிற்சங்கங்கள் குரல் கொடுக்கட்டும். உடல் முறிய உழைத்தவன் உறக்கத்தைப் பொட்டலத்தில் விலைக்கு வாங்கும் நிலை, அவன் ஒருவனின் குற்றமன்று.

நாள்தோறும் புகைத்தவன் ஏறத்தாழ நான்கு கிழமை விட்டிருந்தால், குறைந்த ஏற்பிகள் மூளையில் மீள்கின்றன என்று ஆய்வு காட்டியுள்ளது. பிணிக்கும், ஆனால் அப்பிணிப்பு அறுக்கக் கூடியது. என் மாணவனிடம் அன்றே இதை நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு கிழமை கழித்துச் சொன்னேன். மருத்துவமனைக்கும் உடன் சென்றேன். இடையில் ஒருமுறை வழுக்கினான், மீண்டும் எழுந்தான். இப்போது தாயின் கையால் உண்கிறான், உறங்குகிறான்.

தமிழிளைஞனே, உன்னை எவரும் விலைக்கு வாங்க இயலாது என்று நெஞ்சு நிமிர்த்திப் பேசுகிறாய். ஒரு பொட்டலம் உன்னை வாங்க விடாதே!