முட்காட்டு அதிசயப் பறவை!

திருத்தணிக்கு வடக்கே, எல்லை தாண்டினால் ஆந்திரம். அங்கே கடப்பை முட்காடு ஓர் அதிசயப் பறவையின் இருப்பிடம். பகலில் பதுங்கும். இரவில் தரையில் ஓடி இரை தேடும்.

1848-ல் இதைக் கண்டறிந்தவர் வெள்ளைக்கார டாக்டர் ஜெர்டன். சென்னை மாகாணத்தில் வைத்தியம் பார்த்தவர். இந்தியப் பறவைகளைப் பற்றி 1862 முதல் 1864 வரை பெரிய நூல் வெளியிட்டார்.

1900-க்குப் பிறகு பறவையைக் காணோம். "அழிந்துவிட்டது" என்றே நினைத்தார்கள். 1986-ல் மீண்டும் அகப்பட்டது! அதற்குக் கைகொடுத்தவர் யார்? உள்ளூர் வேட்டைக்காரர்!

படிப்பு வேண்டும். காட்டோடு பழகியவர் சொல்லும் வேண்டும். முட்காட்டைத் "தரிசு" என்று வெட்டாதீர்கள். பறவைக்கு அதுதான் வீடு. வீடு போனால் பறவையும் போகும்!