‘பதிக்குது’ என்று வாசித்தாலும் வாசிப்புதான்

மாண்புமிகு பள்ளிக் கல்வித் துறை அமைச்சர் அவர்களுக்கு,

பேச்சுப் பயிற்சி கொடுப்பது என் தொழில். அண்மையில் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை அவள் அம்மா கூட்டி வந்தார். ‘வாசிக்கத் தெரியலை’ என்று பள்ளியில் சொல்லிவிட்டார்களாம். தமிழ்ப் புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். ஒரு சொல் விடாமல் வாசித்தாள். ‘சோறு’ அவள் வாயில் ‘தோறு’ ஆனது, ‘பசி’ ‘பதி’ ஆனது, அவ்வளவுதான். கதையில் யாருக்குப் பசித்தது என்று கேட்டேன். “காக்காவுக்குத்தான் தார்” என்றாள். இந்தப் பிள்ளைக்கா வாசிக்கத் தெரியவில்லை?

2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு சின்ன வகுப்புகளில் ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் எழுத்தை அடையாளம் காண்பது வேறு, அதன் ஒலி வாயில் சரியாக விழுவது வேறு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடை போடும் இடத்தில்தான் இவளைப் போன்றவர்கள் அடிபடுகிறார்கள்.

‘ஸ்’ என்ற ஒலிக்கு நாக்கின் நுனி பல்லுக்குப் பின்னாலேயே நிற்க வேண்டும்; நாக்கின் நடுவே சின்னதாகக் குழிவு விழுந்து, அது வழியாகக் காற்று சீறி வர வேண்டும். நுனி பல்லிடுக்கில் எட்டிப் பார்த்தால் ‘த’ போலக் கேட்கும். நான்கைந்து வயது வரை பல பிள்ளைகளுக்கு இது உண்டு, பெரும்பாலும் தானாகவே போய்விடும். ஆறு, ஏழு வயதில் முன்பற்கள் விழும்போது கொஞ்ச நாள் திரும்பி வந்தாலும் பயமில்லை. இன்னொரு வகையில் காற்று நாக்கின் இரு ஓரங்களிலும் கசியும். எச்சில் கலந்த மாதிரி ஒரு சத்தம் வரும். இது வளர்ச்சியில் வந்துபோகிற கட்டம் அல்ல. ‘பெரியவளானா சரியாயிடும்’ என்று இதற்குக் காத்திருப்பது வீண்.

காரணம் என்ன என்று பெற்றோர் கேட்காத நாளில்லை. பாதிக்கு மேல் பிள்ளைகளிடம் உடம்பில் எந்தக் கோளாறையும் காண முடிவதில்லை. நாக்கு தவறான இடத்தில் பழகிவிட்டது, அவ்வளவே. விரல் சூப்பி முன்பற்களுக்கு நடுவே திறப்பு விழுந்திருக்கலாம். விழுங்கும்போதே நாக்கை முன்னே தள்ளும் பழக்கம் இருக்கலாம். எல்லாரும் மறந்துவிடுவது காது. ‘ஸ்’ மெல்லிய ஒலி, அதன் வலு பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே. அடிக்கடி சளி பிடித்துக் காதில் சீழ் வடிகிற பிள்ளைக்கு அது சரியாகக் கேட்டே இருக்காது. கேட்காத ஒலியை எப்படிச் சொல்வாள்? ஆகவே என்னிடம் வருகிறவர்களை முதலில் காது பரிசோதனைக்குத்தான் அனுப்புகிறேன்.

ஊரில் வேறு வைத்தியம் நடக்கிறது. ‘நாக்கு தடிச்சுப்போச்சு’ என்று வசம்பைச் சுட்டுத் தேய்க்கிறார்கள். நாக்குக்கு அடியில் இருக்கும் சவ்வை வெட்டிவிடச் சொல்லி மருத்துவரிடம் போய் நிற்கிறார்கள். அந்தச் சவ்வு குட்டையாக இருப்பவர்களில் பெரும்பாலோர் தெளிவாகவே பேசுகிறார்கள். வெட்டிவிட்டதாலேயே ‘ஸ்’ வந்துவிடாது. வேண்டுதலை நான் குறை சொல்ல மாட்டேன். சீர்காழி பக்கம் திருக்கோலக்காவில் ஓசை கொடுத்த நாயகியை வேண்டிக்கொண்ட கையோடு, காதையும் காட்டிவிட்டு வாருங்கள் என்பேன்.

பள்ளியில் கேட்கிற பேச்சு இன்னும் மோசம். செல்லம் கொடுத்துக் கெடுத்தது, சோம்பேறித்தனம், மந்தம் என்கிறார்கள். வகுப்பு நடுவே நிற்க வைத்து ‘சரஸ்வதி சொல்லு’ என்று பத்துத் தரம் சொல்ல வைத்தால் அது பயிற்சி ஆகாது, வேடிக்கை. இந்தக் குறையோடு வாழ்நாள் முழுக்கப் பேசியவர் வின்ஸ்டன் சர்ச்சில். ஃபீலிக்ஸ் செமன் என்ற தொண்டை மருத்துவரிடம் காட்டியபோது உறுப்பில் கோளாறு எதுவும் இல்லை என்றுதான் அவர் சொன்னார். சர்ச்சிலின் அரசியல் நமக்கு உவப்பானதல்ல, அது வேறு கதை. ஆனால் அவர் மந்தமானவர் அல்ல.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பேச்சுக் குறைபாடு இருக்கிறது. ஆனால் உறுப்பிலோ நரம்பிலோ ஏற்பட்ட, நிரந்தரமான குறைக்குத்தான் அது பொருந்தும். மழலை மாறாத இந்தப் பிள்ளைகள் அதற்குள் வர மாட்டார்கள். சான்றிதழ் தாருங்கள் என்று நானும் கேட்கவில்லை.

கேட்பது ஒரு சுற்றறிக்கை. வாசிப்புக்கும் ஒப்பித்தலுக்கும் மதிப்பெண் போடும்போது இந்த உச்சரிப்புக்காகக் குறைக்கக் கூடாது, வகுப்பில் எல்லார் முன்னிலும் திருத்தக் கூடாது என்று அதில் இருக்கட்டும். மக்கள் நல்வாழ்வுத் துறையோடும் பேசுங்கள். ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு பள்ளிக்கு வருகிற நாளில் இந்தப் பிள்ளைகளின் பெயரை ஆசிரியர் தனியே எழுதிக் கொடுத்தால் போதும். குழு அவர்களைக் காது பரிசோதனைக்கும், மாவட்டத்தில் உள்ள ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கும் அனுப்பிவைக்கலாம். அங்கே பேச்சுப் பயிற்சியாளர் இடம் காலியாக இருந்தால் அதை நிரப்பச் சொல்லுங்கள். பயிற்சிக்குச் செலவு அதிகமில்லை. பல்லைச் சேர்த்து வைத்துக்கொண்டு ‘ஸ்’ஸை நீளமாக இழுக்க ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, காற்று நடுவில் வருகிறதா ஓரத்தில் கசிகிறதா என்று பார்க்க ஒரு ஸ்ட்ரா, மீதி பொறுமை.

ஜூனில் பள்ளி திறக்கும் முன்பே சுற்றறிக்கை தலைமையாசிரியர்கள் கைக்குப் போய்விட்டால் நல்லது. முதல் பருவ வாசிப்புச் சோதனைக்குள் அது வகுப்பாசிரியர்களுக்கும் எட்டிவிடும்.

இப்படிக்கு,
பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர்